திரையில் நம் வண்டி

(திருவள்ளூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படம் பார்க்கப் போனால் கதாநாயகன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் இறங்கி வரும் காரைப் பார்க்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். "இது அந்த வண்டி, இந்த வருஷத்து மாடல்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள், "கதையைப் பாருங்க" என்று அதட்டுவார்கள். இன்றைக்கு அவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன். அவர்கள் செய்வது வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஊர் தன் உழைப்பைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு வழி அது. திருவள்ளூர் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் பழக்கத்தில் தனி உரிமையும் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊரில் வண்டி செய்யும் தொழிலுக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அம்பாசடர் காரைச் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், 1970களிலேயே திருவள்ளூரில் மண் அள்ளும் பெரிய இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. அந்தப் பிரிவுதான் பின்னாளில் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் கைக்குப் போய், இன்று மேல்நல்லாத்தூரில் மஞ்சள் நிற டம்பர்களாக வெளியே வருகிறது. கல்குவாரியில் நடக்கும் கிளைமாக்ஸ் சண்டையை நம் ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால், சண்டை போடுகிறவர்களுக்குப் பின்னால் நிற்கும் மஞ்சள் வண்டியைத்தான் முதலில் பார்ப்பார்.

அடுத்தது கார். 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆயிற்று. அடுத்த ஆண்டே, 1998இல், கடம்பத்தூர் பக்கம் அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் புதிய ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. ஜப்பானியத் தொழில்நுட்பம், ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின் அல்லது இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின், தாழ்வான முகப்பு, அகலமான நிற்பு. அதுவரை அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் மாருதியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு உலகத்து வண்டி. 2002இல் பஜேரோவும், 2006இல் லான்சர் சீடியாவும், 2008இல் அவுட்லேண்டரும் வந்தன. பிறகு சில ஆண்டுகள் அதே கூரையின்கீழ் இசுசூ வண்டிகளும் ஒப்பந்த முறையில் உருவாயின. 2017இல் பிரான்ஸின் பிஎஸ்ஏ குழுமம் சி.கே. பிர்லா குழுமத்தோடு கைகோத்தது. இன்று திருவள்ளூர் ஆலை சிட்ரோயன் கார்களைச் செய்கிறது. 2021இல் சி5 ஏர்கிராஸ், 2022இல் சி3, 2024இல் பஸால்ட்.

ஆக, ஒரே மாவட்டத்தின் கைகள் ஜப்பான் வண்டியும் செய்திருக்கின்றன, பிரெஞ்சு வண்டியும் செய்திருக்கின்றன. இரண்டும் உலக சினிமாவில் பெரிய வரலாறு உள்ள பெயர்கள். அதனால்தான் உரிமை என்றேன்.

முதலில் லான்சரை எடுத்துக்கொள்வோம். மிட்சுபிஷி வண்டிகளைத் திரையில் கொண்டாடியவர் என்றால் அது ஜாக்கி சான்தான். 1984இல் வந்த 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' படத்தில் பார்சிலோனா நகரத் தெருக்களில் அவர் சாப்பாடு விற்கும் வேன் மிட்சுபிஷி டெலிகா. 1995இல் வந்த 'தண்டர்போல்ட்' படத்தில் அவர் மெக்கானிக். பழைய வண்டிகள் குவிந்து கிடக்கும் காயலான் கடைதான் அவர் குடும்பத்துக்கு வீடும் தொழிலும். வில்லனோடு நடக்கும் பகை கடைசியில் ஜப்பானில் ஒரு கார்ப் பந்தயத்தில் போய் முடிகிறது. படம் முழுக்க மிட்சுபிஷி வண்டிகள். 1998இல் 'ஹூ ஆம் ஐ' வந்தது. தென்னாப்பிரிக்காவில் நடக்கும் துரத்தலில் அவர் தப்பித்து ஓடுவது லான்சர் எவல்யூஷனில். அதிகத்தூர் ஆலை லான்சரைக் கொடுக்கத் தொடங்கியதும் அதே 1998தான்.

எங்கள் தெருவில், அந்த ஆலையின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த ஓர் அண்ணன் இருக்கிறார். டிவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைத் தமிழில் பேச வைத்துப் போட்டார்கள். சேர்ந்து பார்த்தோம். துரத்தல் காட்சி வந்ததும் அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "தம்பி, மூக்கைப் பாக்காதே. பேனட்ல ஓட்டை போட்டிருக்கான், பின்னாடி றெக்கை வச்சிருக்கான், அதெல்லாம் ரேஸுக்கு. பின்கதவு முடியிற இடத்துல கூரை எப்படி இறங்குது பாரு. அது நாங்க மாட்டின கதவு" என்றார். வண்டி ஒரு நொடி பக்கவாட்டில் திரும்பியது. அவர் சொன்ன வளைவு தெரிந்தது. கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவில் விடும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக ஓட வேண்டும். கூடக் குறைய இருந்தால் ஓடும்போது காற்று விசில் அடிக்கும், மழைத்தண்ணீர் உள்ளே கசியும். அந்த இடைவெளியை விரல்நுனியால் தடவிப் பார்த்தே பல வருஷம் வேலை செய்தவர் அவர். பார்வையாளர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாத வளைவு. அவருக்கு அது கையெழுத்து.

அவர் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகவும் சரி. எவல்யூஷன் என்பது ராலிப் போட்டிக்காகச் செய்த லான்சர். டர்போ வைத்த இரண்டு லிட்டர் எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, வேறு பேனட், வேறு பம்பர். ஆனால் கூரையும் கதவும் நம் சாதாரண லான்சரின் உடலிலிருந்தே வந்தவை. பின்லாந்தின் டோமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலிப் பட்டம் வென்றது அந்த வரிசை வண்டிகளில்தான். திரையில் ஜாக்கி சான் ஓட்டியதும், பனிக்காட்டில் மாக்கினென் ஓட்டியதும், மணவாள நகர் மேம்பாலத்துப் பக்கம் நம் டாக்டர் ஒருவர் ஓட்டிப் போனதும் ஒரே குடும்பத்து வண்டிகள். 2008இல் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்காக ஜாக்கி சான் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கத்துக்கு வந்தார். அவர் திரையில் ஓட்டிய லான்சரின் உடன்பிறப்புகள் அங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் தயாராகிக்கொண்டிருந்தன.

கதை அங்கே நிற்கவில்லை. 2003இல் வந்த '2 பாஸ்ட் 2 ப்யூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டுவது எவல்யூஷன் 7. 2006இல் வந்த 'டோக்கியோ ட்ரிப்ட்' படத்தில் மாணவன் ஷானுக்கு வரும் சிவப்பு வண்டி எவல்யூஷன் 9. இரண்டுக்கும் உடல் கொடுத்தது சீடியா தலைமுறை லான்சர். அந்தச் சீடியா திருவள்ளூருக்கு வந்ததும் 2006இல். 'டோக்கியோ ட்ரிப்ட்' வண்டியில் உற்றுப்பார்க்க ஒரு விஷயம் இருக்கிறது. எவல்யூஷன் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. தரையை விடாமல் பிடிப்பது அதன் குணம். ட்ரிப்ட் என்பதோ பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு திரும்புவது. ஆகவே படப்பிடிப்புக்கு முன்சக்கர இழுவையைக் கழற்றி, பின்சக்கர வண்டியாக மாற்றித்தான் ஓட்டினார்கள். கார் தெரிந்தவன் படம் பார்க்கும்போது, வண்டி ஏன் தன் சுபாவத்துக்கு மாறாக நடக்கிறது என்று யோசிக்கிறான். படத்துக்குப் பின்னால் வியர்வை சிந்திய மெக்கானிக்குகள் அவன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறார்கள்.

அன்பர்களே, திரையில் காரைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இது கற்றுக்கொள்ளக்கூடிய கலை.

முதல் பாடம் அம்பாசடர். 1950களின் கடைசியில் தொடங்கி, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை உருவான வண்டி. வெளி உருவம் ஏறத்தாழ மாறவே இல்லை. அதனால் எல்லா அம்பாசடரும் ஒன்றுதான் என்று தோன்றும். முகப்பைப் பாருங்கள். 1960களில் மார்க் 2 வந்தபோது முன்கிரில் மாறியது. 1975இல் மார்க் 3 வந்தபோதும், 1979இல் மார்க் 4 வந்தபோதும் மறுபடி மாறியது. 1990களில் இசுசூவின் 1800 சிசி எஞ்சின் வந்தது. உட்காரும் இருக்கையும் முன்பலகையும் வேறாயின. 1970இல் நடப்பதாகச் சொல்லும் படத்தில் மார்க் 4 வந்து நின்றால், கலை இயக்குநரின் தேடல் அந்த இடத்தில் குறைந்திருக்கிறது என்று பொருள். சரியான முகப்போடு மார்க் 2 வந்து நின்றால், யாரோ ஒருவர் ஊர் ஊராய் அலைந்து அதைப் பிடித்து வந்திருக்கிறார். அந்தப் பெயர் தெரியாத மனிதருக்குக் கைதட்டத் தெரிந்தவன் கார் பார்க்கத் தெரிந்தவன்தான்.

இரண்டாம் பாடம் நம்பர் பலகை. 1989இல் நாடு முழுக்கப் புதிய பதிவெண் முறை வந்தது. மாநிலத்தின் இரண்டு எழுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண், அதன்பிறகு வரிசை எண். திருவள்ளூருக்கு டிஎன் 20, செங்குன்றத்துக்கு டிஎன் 18, பூந்தமல்லிக்கு டிஎன் 12. அதற்கு முன்னே இருந்தவை வேறு எழுத்து வரிசைகள். எம்.ஜி.ஆரின் அம்பாசடர் எண்ணான 4777ஐ இன்றும் மூத்தவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தியாகராய நகர் ஆற்காடு தெருவில் அவர் நினைவு இல்லத்தில் அந்த வண்டியைப் பார்க்கலாம். 1980இல் நடக்கும் கதையில் டிஎன் என்று தொடங்கி இலக்கம் போட்ட புதிய பலகை தெரிந்தால், அது கதைக்காலத்தை மீறி உள்ளே வந்துவிட்ட பலகை. இன்னொரு பக்கம், சாதாரணக் காட்சி ஒன்றில் ஓரமாக நிற்கும் வண்டியில் டிஎன் 20 தெரிந்தால் நமக்கு ஒரு துள்ளல். நம் அலுவலகத்தில் பதிவான வண்டி அந்தப் படத்தில் இருக்கிறது.

மூன்றாம் பாடம் விளக்கு. மந்திரி வருகிறார் என்றால் வெள்ளை அம்பாசடர், கூரையில் சுழலும் சிவப்பு விளக்கு. நம் சினிமாவில் அதற்கு விளக்கமே தேவைப்படாது. 2017 மே 1 முதல் மத்திய அரசு அந்தச் சிவப்பு விளக்கை நிறுத்தியது. அதற்குப் பிந்தைய காலத்துக் கதையில் மந்திரி காரில் சிவப்பு விளக்கு சுழன்றால், இயக்குநர் பழைய சினிமாவைப் பார்த்து எடுத்திருக்கிறார், தெருவைப் பார்த்து எடுக்கவில்லை.

நான்காவது பாடம், கார் நிஜமாக ஓடுகிறதா என்று பார்ப்பது. கறுப்பு வெள்ளைப் படங்களில் காருக்குள் காதலர்கள் பேசிக்கொண்டு போகும் காட்சிகள் பலவற்றில் வண்டி ஸ்டுடியோவுக்குள் அசையாமல் நின்றது. பின்னால் ஒரு திரையில் சாலை ஓடும். இரண்டு பேர் வண்டியைப் பிடித்துக் குலுக்குவார்கள். பின்னால் சாலை நேராகப் போகும். கதாநாயகர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருப்பார். வண்ணப்படக் காலத்தில் வேறு கண்கட்டு வந்தது. மலைப்பாதையில் புத்தம்புது வண்டி பாய்ந்து வரும். பள்ளத்தில் உருண்டு வெடிக்கும்போது பார்த்தால் அது எஞ்சின் எடுத்த பழைய பத்மினியாக இருக்கும். சின்ன வயதில் இதைக் கண்டுபிடித்துக் கத்தாதவர்கள் இந்த அவையில் இருக்க மாட்டீர்கள். அந்தக் கத்தலில்தான் ஒரு நல்ல பார்வையாளன் பிறக்கிறான்.

இனி, இன்னும் சுவையான ஒரு விஷயம். நம் வண்டி வேறு பெயரில் வெளிநாட்டுப் படங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசை. 1950களின் லண்டனைக் காட்டும் படங்களில் அது தெருவோரம் நிற்கும்போது நம் வீட்டுப் பாட்டி, "அட, கலெக்டர் வண்டி" என்பார். காண்டெஸாவின் மூலம் 1970களின் வாக்ஸால் விக்டர் வரிசை. பிரீமியர் பத்மினியின் மூலம் இத்தாலியின் பியட் 1100. பழைய இத்தாலியப் படங்களில் ரோம் நகரத் தெருவில் பம்பாய் டாக்சி போகிறதோ என்று மயங்க வைக்கும்.

நம் சென்னைக்கும் ஒன்று உண்டு. பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் ட்ரையம்ப் ஹெரால்டை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று செய்தார்கள். இந்திய வாடிக்கையாளர்களுக்காக நான்கு கதவு வைத்த ஹெரால்ட் அங்கே பிறந்தது. 1985இல் அதே ஆலை ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. அதன் உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. 'தி புரொபஷனல்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் தொடக்க அத்தியாயங்களில் உளவுத்துறைக்காரர்கள் ஓட்டும் வண்டி அதே ரோவர். லண்டனில் குற்றவாளியைத் துரத்திய அந்த உருவம் ஜிஎஸ்டி சாலையில் சென்னைக்காரர்கள் கையால் உருவானது. எஞ்சின் மட்டும் பழையது. அதனால் ஓட்டம் எடுபடவில்லை. சில ஆண்டுகளிலேயே ஆலை மூடப்பட்டது. அந்த வண்டியில் எஞ்சியிருப்பவை இன்று மிகச் சில. திரையில் பார்க்கும்போது நெஞ்சில் ஏதோ செய்கிறது என்றால், காரணம் இருக்கிறது.

தமிழ் சினிமா இந்த வண்டிகளுக்கெல்லாம் குணம் கொடுத்தது. வெள்ளை அம்பாசடர் அதிகாரம். மஞ்சள் கூரை டாக்சி உழைப்பாளி. 1980களில் நீளமான மூக்கோடு வந்த காண்டெஸா பணக்காரன், பல நேரம் கெட்ட பணக்காரன். 1990களின் நடுவிலிருந்து வரிசையாக வந்து புழுதி கிளப்பும் டாடா சுமோ என்றால் அடியாட்கள். அதன்பின் அந்த வேலையை ஸ்கார்பியோ எடுத்துக்கொண்டது. லான்சர் வந்த காலத்தில், படித்து வெளிநாடு போய்த் திரும்பிய இளைஞனுக்கும் சாப்ட்வேர் கம்பெனி முதலாளிக்கும் உரிய வண்டியாகத் திரை அதை நிறுத்தியது. பஜேரோ அரசியல் பிரமுகரின் வண்டி ஆயிற்று. இவற்றை யாரும் சட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. தெருவில் யார் எதில் வந்தார்கள் என்பதை கேமரா பார்த்தது. திரையில் பார்த்ததைத் தெரு திருப்பிச் செய்தது. எந்த அரசு அறிக்கையிலும் இல்லாத சமூக வரலாறு இது.

வண்டியைப் பாத்திரமாகவே ஆக்கிய படங்களும் உண்டு. 1985இல் வந்த 'படிக்காதவன்' படத்தில் ரஜினிகாந்த் ஓட்டும் டாக்சிக்கு லட்சுமி என்று பெயர். அவர் அதோடு கெஞ்சுவார், கொஞ்சுவார், கோபித்துக்கொள்வார். அப்புறம்தான் அது கிளம்பும். தியேட்டரில் டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததற்குக் காரணம், அவர்களும் தினம் காலையில் அப்படித்தான் பேசினார்கள். வங்காளத்தில் ரித்விக் கட்டக் 1958இல் எடுத்த 'அஜாந்த்ரிக்' படத்தில் பிமல் என்ற டாக்சிக்காரர் தன் ஓட்டைச் செவ்ரோலேவுக்கு ஜகத்தல் என்று பெயர் வைத்து உயிருள்ள துணையாக நடத்துவார். அதே ஆண்டு இந்தியில் வந்த 'சல்தி கா நாம் காடி' படத்திலும் பழைய செவ்ரோலே ஒன்று கிஷோர் குமார் சகோதரர்களுக்குச் சரிசமமாக நடித்தது. இந்த நாட்டில் வண்டியை இரும்பு என்று மட்டும் யாரும் நினைத்ததில்லை. ஆயுத பூஜையன்று ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதும் இல்லை.

வண்டிக்கு உயிர் உண்டு என்றால் அதற்கு முடிவும் உண்டு; அந்த இடத்தில்தான் நான் கும்மிடிப்பூண்டிக்கு வருகிறேன். நம் மாவட்டத்தின் வட கோடியில், ஆந்திர எல்லைக்கு அருகில், சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றியும் எத்தனை உருக்கு உலைகளும் ரோலிங் மில்களும் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். பழைய இரும்பு லாரி லாரியாக வருகிறது. மின்சார உலையில் உருகுகிறது. கட்டடக் கம்பியாக வெளியே போகிறது. ஆயுள் முடிந்த கார் ஒன்று சென்னை புதுப்பேட்டையில் பிரிக்கப்படும்போது, விற்கத் தகுந்த பாகங்கள் கடை கடையாகப் பிரிந்து போகும். எஞ்சிய தகடு காயலான் கடை வழியாக ஏதோ ஓர் உலையைத்தான் சேரும். அதில் லான்சரும் இருக்கும், அம்பாசடரும் இருக்கும்.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இரும்பு வீணாகாமல் இன்னொரு வீட்டைத் தாங்குகிறது, நல்ல காரியம். ஆனால் ஒரு விளைவு உண்டு. மாவட்டத்தின் தெற்கில் நாம் செய்த வண்டியை வடகிழக்கில் நாமே உருக்கிவிடுகிறோம். நடுவில் அது பதினைந்து இருபது ஆண்டு ஓடியதற்கு என்ன பதிவு இருக்கிறது? ஆலையின் கணக்குப் புத்தகம் எண்ணிக்கை சொல்லும். ஆர்டிஓ அலுவலகம் உரிமையாளர் பெயர் சொல்லும். அந்த வண்டி தெருவில் எப்படித் திரும்பியது, மழையில் எப்படி நின்றது, அதிலிருந்து இறங்கியவர் கதவை எப்படிச் சாத்தினார், பக்கத்தில் போன சைக்கிள்காரர் எப்படிப் பார்த்தார் என்பதெல்லாம் எங்கே இருக்கிறது? சினிமாவில் இருக்கிறது. டிவி சீரியலில் இருக்கிறது. அவற்றை எடுத்தவர்களுக்குக்கூடத் தெரியாமல் அங்கே பத்திரமாக இருக்கிறது.

சீரியலைக் குறைவாக எண்ணாதீர்கள். சினிமா வண்டியைக் கழுவித் துடைத்து ஒளியமைத்துக் காட்டும். சீரியலுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. 2000த்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் வந்த மெகா தொடர்களில் வாசலில் கார் வந்து நிற்கும் காட்சி எத்தனை! சான்ட்ரோ, ஐகான், இண்டிகா, லான்சர் என்று அன்றாடம் ஓடிய நிலையிலேயே, புழுதியோடு, கீறலோடு வந்து நிற்கும். அன்றைய நடுத்தர வர்க்கம் எந்த வண்டிக்கு ஆசைப்பட்டது, எதை வாங்க முடிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது, ஐகான் மறைமலை நகரில், லான்சர் நம்மிடத்தில். சென்னையைச் சுற்றிய மூன்று ஆலைகளின் வரலாறு அந்த வாசல் காட்சிகளில் சேர்ந்து கிடக்கிறது. ஐகான் செய்த ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது அங்கே வேலை பார்த்தவர்களிடம் எஞ்சியது நினைவும் இந்தக் காட்சிகளும்தான்.

பாதுகாக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. வடபழனி ஏவிஎம் ஸ்டுடியோவில் 2023 மே மாதம் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்த பாரம்பரிய அருங்காட்சியகத்தில் பழைய கார்களும் இருசக்கர வண்டிகளும், படப்பிடிப்புக் கருவிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சினிமாவும் காரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதுதான் முறை. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அருங்காட்சியகங்களில் இடம்பிடிப்பவை பெரும்பாலும் அரிய வண்டிகள், பெரியவர்கள் ஏறிய வண்டிகள். நம் பக்கத்து வீட்டுக்காரர் தவணை கட்டி வாங்கிய லான்சருக்கு அங்கே இடம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இன்றைய ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இப்போது கட்டும் சிட்ரோயனின் திரை வரலாறு லான்சரைவிட நீளமானது. 1965இல் வந்த இரண்டாவது 'பான்டோமாஸ்' படத்தில் வில்லன் தப்பிப்பது றெக்கை முளைத்த சிட்ரோயன் டிஎஸ் காரில். 1981இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'பார் யுவர் ஐஸ் ஒன்லி'யில் பாண்ட் உயிர்தப்ப ஓட்டுவது மஞ்சள் நிறச் சின்ன 2சிவி. அந்தக் கதாநாயகனை அவ்வளவு எளிய வண்டியில் பார்த்ததில் உலகமே மகிழ்ந்தது. 1973இல் வந்த 'தி டே ஆப் தி ஜக்கால்', 1962 ஆகஸ்டில் பிரெஞ்சு அதிபர் டிகால் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டைக் காட்டுகிறது; நிஜத்தில் அவரைத் தப்பவைத்ததும் டிஎஸ்தான். 'தி மென்டலிஸ்ட்' தொடரில் துப்பறியும் பாட்ரிக் ஜேன் கலிபோர்னியாவில் ஓட்டுவது அதே வண்டி. சிட்ரோயனோடு ஒரே குழுமத்தைச் சேர்ந்த பியூஜோவுக்கும் ஒரு நிலையான இடம் உண்டு. லெப்டினன்ட் கொலம்போவின் அழுக்கான 403 கன்வர்டிபிள், துப்பறிவாளர் கதைகளிலேயே மறக்கமுடியாத வண்டி. அந்தக் குடும்பத்தில் இப்போது உங்கள் கையும் சேர்ந்திருக்கிறது. அம்பாசடர் என்ற பெயரையும் 2017இல் அதே பியூஜோ நிறுவனம்தான் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. சுற்றிச் சுற்றி எல்லாம் திருவள்ளூர்ப் பக்கமே வருகிறது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

முதலாவது, படம் பார்த்து நம் ஊர் வண்டியைக் கண்டால் எழுதி வையுங்கள். படத்தின் பெயர், ஆண்டு, எத்தனையாவது நிமிடம், எந்த மாடல், என்ன நிறம், நம்பர் பலகை தெரிகிறதா, யார் ஓட்டுகிறார், கதையில் அந்த வண்டிக்கு என்ன வேலை. இவ்வளவு போதும். ஒரு நோட்டுப் புத்தகம் ஒரு ரூபாய் செலவில்லாமல் ஆவணம் ஆகிவிடும்.

இரண்டாவது, ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை அந்தக் காட்சிகளுக்கு முன்னால் உட்கார வையுங்கள். நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். கதவு மாட்டியவர் கதவைப் பற்றிச் சொல்வார், பெயின்ட் அடித்தவர் நிறத்தைப் பற்றிச் சொல்வார். அந்த நிறத்துக்குக் கம்பெனியில் என்ன பெயர், எந்த வருஷம் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்து மட்டும்தான் கிடைக்கும். கேட்டுப் பதிவு செய்ய உங்கள் கைப்பேசியே போதும். பொறியியல் கல்லூரி மாணவர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் இதைத் திட்டப்பணியாகவே எடுக்கலாம்.

மூன்றாவது, நம் மாவட்ட நூலகத்தில் இதற்கென ஓர் அலமாரி வேண்டும். ஆலையின் விளம்பரத் தாள்கள், வண்டியோடு கொடுத்த கையேடுகள், பணியாளர் குழுப் படங்கள், நீங்கள் எழுதிய இந்த நோட்டுகள் எல்லாம் அதில் சேரட்டும். பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை யோசியுங்கள்.

நடிகரின் பெயர் எழுத்தில் வருகிறது. இயக்குநரின் பெயர் வருகிறது. கார் செய்தவர்களின் பெயர் எந்தப் படத்திலும் வராது; வர வேண்டும் என்று கேட்கவும் முடியாது. ஆனால் திரையில் வண்டி திரும்பும்போது, "அது எங்க ஊர்ல செஞ்சது, அந்தக் கதவை மாட்டினவரை எனக்குத் தெரியும்" என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்ல நம்மால் முடியும். அப்படிச் சொல்ல வேண்டுமானால் நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.